திரையில் படித்தல், தேடுதல், சிந்தித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைபேசி, டேப்லெட், மடிக்கணினி, மின்னூல் படிப்பான் ஆகியவை வாசிப்பையும் தகவல் தேடலையும் மன உழைப்பையும் எவ்வாறு மாற்றுகின்றன என்று ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் மீண்டும் மீண்டும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இத்துறையில் மிகைப்படுத்தப்பட்ட செய்திகள் ஏராளம். ஆகையால், பெயர் பெற்ற ஓர் ஆய்வு பின்னாளைய மறுபரிசோதனையில் நிலைக்கவில்லை என்றால் அதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

அச்சில் படிப்பதற்கும் திரையில் படிப்பதற்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா?

உண்டு, ஆனால் செய்தித் தலைப்புகள் அலறும் அளவுக்குப் பெரிய வேறுபாடன்று. 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி, 1,70,000-க்கும் மேற்பட்டோரின் வாசிப்பை ஒப்பிட்ட மேலாய்வு ஒன்றை பாப்லோ டெல்காடோவும் உடனாய்வாளர்களும் 2018-இல் வெளியிட்டனர். ஒரே பகுதியைத் தாளில் படித்தவர்கள் அதைத் திரையில் படித்தவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகப் புரிந்துகொண்டிருந்தனர் என்பதே அதன் முடிவு. அந்தக் கூடுதல் சிறியது என்றாலும் ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்பத் தென்படுவதால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. குறிப்பாக, பாடநூல் பகுதி, அறிவியல் விளக்கம், கட்டுரை போன்ற தகவல் சார்ந்த எழுத்துகளில் தாளின் பக்கம் தராசு சாய்கிறது.

எழுத்துகள் அவையேதானே? பிறகு ஏன் இந்த வேறுபாடு?

இக்கேள்விக்கான விடையில்தான் இப்பக்கத்தின் சாரமே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் மாற்றமில்லை. எவ்வளவு உழைத்தால் போதும் என்று மனம் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கணக்கில்தான் மாற்றம்.

படிக்கும்போது நாம் இரண்டு வேலைகளைச் செய்கிறோம். ஒன்று, பொருளை உள்வாங்குவது. மற்றொன்று, "இது எனக்குப் புரிந்துவிட்டதா, இன்னொரு முறை பார்க்க வேண்டுமா" என்று இடைவிடாமல் தன்னையே மேற்பார்வை செய்வது. திரையில் படிக்கும்போது இந்த இரண்டாவது வேலையில் தளர்ச்சி ஏற்படுகிறது. இஸ்ரேலைச் சேர்ந்த ராகெஃபெட் அக்கர்மனும் மோரிஸ் கோல்ட்ஸ்மித்தும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. படிப்பதற்கு எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கப்பட்டபோது தாளில் படித்தவர்களும் திரையில் படித்தவர்களும் தேர்வில் ஏறத்தாழச் சமமாகவே மதிப்பெண் பெற்றனர். எவ்வளவு நேரம் படிப்பது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டபோதோ, திரையில் படித்தவர்கள் சீக்கிரமே போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள், நன்றாகப் படித்துவிட்டோம் என்று நம்பினார்கள், மதிப்பெண்ணில் பின்தங்கினார்கள். அதாவது, திரையில் படிக்கும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது. அதை எப்போது நிறுத்துவது என்ற மதிப்பீடுதான் பிசகியது.

நேரக்கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேலே குறிப்பிட்ட மேலாய்வில், நேர நெருக்கடி உள்ள வாசிப்பில்தான் தாளின் முன்னிலை கூடுதலாக இருந்தது. இதற்கு டெல்காடோவும் லாடிஸ்லாவோ சல்மெரோனும் 2021-இல் ஒரு விளக்கம் தந்தனர்: நேரம் குறைவு என்று தெரிந்ததும் தாளில் படிப்பவர்களின் மனம் அலைவது குறைகிறது, திரையில் படிப்பவர்களிடம் அந்தச் சுதாரிப்பு ஏற்படுவதில்லை. காரணம் எதுவாயினும், திரையைக் கண்டதும் மனம் "இது சும்மா பார்க்கிற வேலை" என்ற பாங்குக்குப் போய்விடுகிறது என்பதே நாம் கொள்ளத்தக்க பொருள். நாளெல்லாம் அதே திரையில் அரட்டையையும் குறுங்காணொளிகளையும் பார்த்துப் பழகிய மனம், அங்கே ஒரு பொருளியல் பாடம் தோன்றியவுடன் நிமிர்ந்து உட்கார்ந்துவிடாது.

கதையும் நாவலும் படிப்பவர்களுக்கும் இது பொருந்துமா?

பெரிய அளவில் பொருந்தாது. புனைவில் தாளுக்கும் திரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு மேலாய்வுகளில் தென்படவில்லை. நுட்பமான ஒரு விலக்கு மட்டும் உண்டு. நார்வேயின் ஆன் மாங்கெனும் உடனாய்வாளர்களும் 28 பக்க மர்மக் கதை ஒன்றைப் பாதிப் பேருக்கு அச்சுப் புத்தகமாகவும் மீதிப் பேருக்குக் கிண்டிலிலும் கொடுத்துப் படிக்கச் செய்தார்கள். பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் ஒன்றுபோலவே விடையளித்தன. ஆனால் எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தச் சொன்னபோது புத்தகத்தில் படித்தவர்கள் மேலாகச் செய்தார்கள். இடக்கையில் கனம் கூடி வலக்கையில் குறையும் அச்சுப் புத்தகம், கதையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதை விரல்களுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

பிறந்தது முதல் திரையோடு வளரும் தலைமுறைக்கு இந்த வேறுபாடு மறைந்துவிடாதா?

மறைந்துவிடும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். அந்த மேலாய்வில் தெரிந்ததோ அதற்கு நேர்மாறு: 2000-ஆம் ஆண்டிலிருந்து 2017-ஐ நோக்கி வர வர, தாளின் முன்னிலை குறையாமல் கூடியது. பழக்கம் வேகத்தைத் தருகிறது. அந்த வேகமே மேலோட்டமான வாசிப்பையும் பழக்கமாக்கிவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வாசிப்பு ஆய்வாளர்கள் 130-க்கும் மேற்பட்டோர் ஒன்றுகூடி 2019-இல் வெளியிட்ட ஸ்டாவங்கர் பிரகடனமும் இக்கவலையைப் பதிவு செய்ததோடு, திரையில் ஆழ்ந்து படிக்கும் உத்திகளை மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று வலியுறுத்தியது.

மின்னூல் படிப்பான், கைபேசி இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. மின்னூல் படிப்பானின் மின்மைத் (இ-இங்க்) திரை தாளைப் போலவே தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பி எழுத்தைக் காட்டுகிறது. கைபேசித் திரையோ ஒளியைத் தானே உமிழ்கிறது. ஆயினும் எங்கள் பார்வையில் முதன்மையான வேறுபாடு ஒளியில் இல்லை. மின்னூல் படிப்பானில் வேறு வேலை எதுவும் நடக்காது. கைபேசியிலோ நீங்கள் படிக்கும் பத்திக்கு ஒரு விரலசைவு தூரத்தில் மற்ற எல்லாமே காத்திருக்கின்றன.

இரவு வாசிப்புக்கு ஒளியும் கணக்கில் வருகிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒளி உமிழும் கருவியில் படுக்கைக்கு முன் 4 மணி நேரம் வீதம் தொடர்ந்து 5 இரவுகள் படித்தவர்களுக்கு, உறக்கத்தைக் கொணரும் மெலடோனின் சுரப்பு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. அவ்வாய்வில் பங்கேற்றவர்கள் 12 பேர் மட்டுமே. திரையும் முழு வெளிச்சத்தில் இருந்தது. அவர்கள் உறங்குவதற்குக் கூடுதலாக எடுத்துக்கொண்ட நேரமும் 10 நிமிடம் அளவில்தான். எனவே அரை மணி நேரம் மங்கிய ஒளியில் படிப்பவர்கள் இதை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

இணையப் பக்கங்களில் கண் எப்படி நகர்கிறது?

அச்சிலும் கண் வழுக்கிக்கொண்டே போவதில்லை. தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் நொடியில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. இடையிடையே கண் பின்னோக்கியும் போகிறது. தேர்ந்த வாசகர்களிடமும் தாவல்களில் 10 முதல் 15 விழுக்காடு பின்னோக்கியவையே என்று ஆங்கில வாசிப்பை அளந்த ஆய்வுகள் காட்டுகின்றன. விட்டதைப் பிடிக்கவும் ஐயத்தைத் தீர்க்கவும் நிகழும் இந்தப் பின்னடைவைக் குறையாகக் கருதி, அதை ஒழித்தால் வேகம் கூடும் என்று விற்கப்படும் வேக வாசிப்புப் பயிற்சிகளை நம்ப வேண்டாம்.

இணையப் பக்கத்தில் இந்த நடை வேறு வடிவம் கொள்கிறது. ஜேக்கப் நீல்சனின் குழு 2006-இல் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்தபோது, மேலே ஓரிரு வரிகளைக் குறுக்காகப் படித்துவிட்டு, பிறகு இடது ஓரமாகச் செங்குத்தாக இறங்கிப்போகும் போக்கைக் கண்டது. வரியின் முதல் சில சொற்களுக்குப் பார்வை கிடைக்கிறது. வலப்புறம் இருப்பவை பெரும்பாலும் காணப்படாமலே போகின்றன. தேடிய ஒன்றைச் சட்டென்று கண்டெடுக்க இது நல்ல உத்திதான். ஒரு வாதத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர வேண்டிய இடத்திலும் இதே நடை தொடர்வதுதான் சிக்கல்.

கட்டுரையின் நடுவே வரும் இணைப்புகள் உதவுகின்றனவா, இடையூறா?

பெரும்பாலும் இடையூறு. ஒவ்வோர் இணைப்பும் "இதைத் திறக்கலாமா, வேண்டாமா" என்று ஒரு சிறு முடிவை வாசகரிடம் கேட்கிறது. திறக்காமல் விட்டாலும் அந்த முடிவுக்கான விலையைச் செயல் நினைவகம், அதாவது அப்போதைக்குத் தேவையானதை மனத்தில் தாங்கும் நினைவு, செலுத்துகிறது. ஒரே நேரத்தில் ஏறத்தாழ நான்கு பொருள்களைத்தான் அந்நினைவகம் தாங்கும் என்பது நெல்சன் கோவன் 2001-இல் தந்த மதிப்பீடு. அவற்றில் ஒன்றை இணைப்பு எடுத்துக்கொண்டால் எஞ்சியதில்தான் வாதம் நடைபெற வேண்டும். பொருளைப் பற்றி ஏற்கெனவே நன்கறிந்தவர்களுக்கு இந்தச் சுமை குறைவு.

எல்லாவற்றையும் தேடுபொறியில் பார்த்துக்கொள்வதால் நினைவாற்றல் குறைகிறதா?

நினைவாற்றல் என்ற திறன் தேய்கிறது என்பதற்கு உறுதியான சான்றில்லை. எதை நினைவில் வைப்பது என்ற தேர்வு மாறுகிறது. பெட்ஸி ஸ்பாரோவும் வேறு இருவரும் 2011-இல் சயின்ஸ் இதழில் எழுதிய ஆய்வுதான் இது பற்றிய பேச்சைத் தொடங்கிவைத்தது. பொது அறிவுச் செய்திகளைக் கணினியில் தட்டச்சு செய்தவர்களில், அவை அழிக்கப்படும் என்று சொல்லப்பட்டவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தனர். சேமிக்கப்படும் என்று நம்பியவர்களுக்கு நினைவு குறைவு. செய்தியைவிட அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதே பலருக்கு நன்றாக நினைவிருந்தது.

அதே கட்டுரையில் இருந்த வேறொரு சோதனை, கடினமான கேள்வியைக் கேட்டதும் மனம் தானாகவே கணினியை நினைக்கிறது என்று கூறியது. 2018-இல் நடந்த பெரிய மறுபரிசோதனை முயற்சியில் அது நிலைக்கவில்லை. இணையம் மூளையை மாற்றிவிட்டது என்று பேசுவோர் பலரும் இப்பகுதியைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

எழுதி வைப்பதும், நாட்குறிப்பில் குறிப்பதும், அறிந்தவரிடம் கேட்பதும்கூட நினைவை வெளியே ஒப்படைக்கும் வழிகளே. தொலைபேசி எண்களை மறப்பதால் எவருக்கும் அறிவு குறைந்துவிடவில்லை. ஒரு துறையில் சிந்திப்பதற்கான அடிப்படைச் செய்திகளையே வெளியே ஒப்படைத்துவிட்டால்தான் இழப்பு. ஏனெனில் மனத்தில் இல்லாத இரண்டு செய்திகளுக்கு இடையே மனத்தால் தொடர்பு காண முடியாது. என்ன தேட வேண்டும் என்று தெரிவதற்கே சிறிதளவு அறிவு உள்ளே இருந்தாக வேண்டும்.

தேடிப் பார்த்தவுடன் அது நமக்கு முன்பே தெரிந்தது போலத் தோன்றுவது ஏன்?

இந்தத் தோற்றத்தையே மேத்யூ ஃபிஷரும் உடனாய்வாளர்களும் 2015-இல் சோதித்தனர். "சட்டை ஜிப் எப்படி இயங்குகிறது" என்பது போன்ற கேள்விகளுக்குச் சிலரை இணையத்தில் விளக்கம் தேடச் செய்தனர். மற்றவர்களைத் தேடாமல் விடையளிக்கச் செய்தனர். பிறகு முற்றிலும் தொடர்பில்லாத வேறு துறைக் கேள்விகளைக் காட்டி, இவற்றை உங்களால் எவ்வளவு நன்றாக விளக்க முடியும் என்று கேட்டனர். இணையத்தில் தேடியவர்கள் தங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். தேடலில் விடையே கிடைக்காதபோதும் இந்த மிகைமதிப்பு இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அறிவைத் தன்னுடையதாகவே மனம் எண்ணிக்கொள்கிறது. திரையில் படிப்பவர் சீக்கிரம் நிறுத்திக்கொள்வதும் தேடுபவர் தன்னை அறிஞராக உணர்வதும் ஒரே மயக்கத்தின் இரு தோற்றங்கள்: எளிதாகக் கிடைத்ததை, கற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளும் மயக்கம்.

இதைச் சோதிக்க நீங்களே ஒன்று செய்யலாம். இப்போது எதையும் பார்க்காமல், ஜிப்பின் பற்கள் எவ்வாறு கோத்துக்கொள்கின்றன, நடுவில் நகரும் பகுதி அவற்றை என்ன செய்கிறது என்று நான்கு வரி எழுதிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு இரண்டாம் வரியிலேயே பேனா நின்றுவிடும்.

ஒரு தளம் நம்பத்தக்கதா என்று எப்படிக் கண்டறிவது?

அத்தளத்தை ஆழ்ந்து படித்து அன்று. அதை விட்டு வெளியே வந்து. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றறிஞர்கள் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் ஆகியோர் இணையத்தில் எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்று கவனித்தனர். ஒரு சோதனையில், ஏறத்தாழ ஒரே பெயர் கொண்ட இரண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்புகளின் தளங்கள் தரப்பட்டன. ஒன்று 1930 முதல் இயங்கும் மிகப் பெரிய தொழில்முறைச் சங்கம். மற்றொன்று கொள்கை வேறுபாட்டால் 2002-இல் பிரிந்துபோன சிறு குழு. மாணவர்கள் மட்டுமன்றி வரலாற்றறிஞர்களிலும் சிலர் பக்கத்தின் நேர்த்தி, மேற்கோள்கள், சின்னம் ஆகியவற்றை மேலிருந்து கீழாக ஆராய்ந்து ஏமாந்தனர். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளிலேயே புதிய தாவல்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து, குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தனர்.

அவர்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. தேடல் முடிவுகளில் முதலாவதை உடனே சொடுக்காமல், பட்டியல் முழுவதையும் ஒருமுறை நோட்டம் விட்டு, யார் யார் இதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கண்ட பிறகே ஒன்றைத் தேர்ந்தார்கள். கற்பிக்க எளிது, பயன் மிகுதி. பள்ளிகளில் இதைவிட முதன்மையான கணினிப் பாடம் இல்லை என்றே சொல்வோம்.

கைபேசி மேசைமேல் சும்மா கிடந்தாலே கவனம் குறையும் என்பது உண்மையா?

ஏட்ரியன் வார்டும் உடனாய்வாளர்களும் 2017-இல் அப்படித்தான் கண்டனர்: கைபேசியை வேறு அறையில் வைத்தவர்கள், மேசைமேல் வைத்தவர்களைவிடச் செயல் நினைவகச் சோதனைகளில் மேலாகச் செய்தார்கள். பின்னர் வந்த மறுபரிசோதனைகள் சில இந்த விளைவைக் காணவில்லை. வெறும் இருப்பின் தாக்கம் ஐயத்துக்குரியது. எடுத்துப் பார்ப்பதன் தாக்கம் ஐயத்துக்கிடமற்றது. வேறு அறையில் வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

நம் கவனம் 47 நொடிதானாமே?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் கணினி முன் வேலை செய்வோரைப் பல்லாண்டுகளாக அளந்துவருகிறார். ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு முன் சராசரியாக 2004 வாக்கில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் செலவானது. அண்மை ஆண்டுகளில் அது 47 நொடி அளவுக்கு வந்துவிட்டது. இது மனிதரின் கவனத்திறனை அளந்த எண்ணன்று. பழக்கத்தை அளந்த எண். அதே மனிதர்கள் இரண்டு மணி நேரத் திரைப்படத்தைக் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, குறுக்கீடுகளில் ஏறத்தாழப் பாதி வெளியிலிருந்து வராமல் நாமே நமக்குச் செய்துகொள்பவை என்பதுதான். அறிவிப்புகளை நிறுத்திவிட்டால் மட்டும் பாதிச் சிக்கல் அப்படியே இருக்கும்.

மாறிய பிறகும் முந்தைய வேலையின் எச்சம் மனத்தில் தங்குகிறது என்பதை சோஃபி லெராய் 2009-இல் காட்டினார். முடிக்காமல் விட்ட வேலையிலிருந்து மாறும்போது எச்சம் கூடுதலாக இருக்கும்.

குறிப்புகளைக் கையால் எழுதுவது மேலா, தட்டச்சு செய்வது மேலா?

கையெழுத்தே மேல் என்று 2014-இல் வந்த ஓர் ஆய்வு பெரும்புகழ் பெற்றது. பிந்தைய மறுபரிசோதனைகளில், தட்டச்சு செய்பவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பதிவதுதான் உறுதிப்பட்டது; தேர்வில் உறுதியான வேறுபாடு தென்படவில்லை. கேட்டதை உங்கள் சொற்களில் சுருக்கி எழுதினால் இரண்டும் பயன்தரும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்பது தேடுவதிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது?

தேடுபொறி பல மூலங்களைக் காட்டி, ஒப்பிடும் வேலையை உங்களிடம் விடுகிறது. உரையாடும் கருவி அந்த ஒப்பீட்டையும் முடித்து, தங்குதடையற்ற ஒரு விடையைக் கையில் தந்துவிடுகிறது. மேலே சொன்ன மயக்கத்துக்கு இதைவிட வளமான நிலம் இல்லை.

துருக்கியின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொண்டு நடந்த கணிதச் சோதனை இதைக் கண்முன் நிறுத்துகிறது. சாட்ஜிபிடி போன்ற சாதாரணக் கருவியைப் பயன்படுத்திய மாணவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு மேலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையை நேரடியாகத் தராமல் குறிப்புகளை மட்டும் தரும்படி அமைக்கப்பட்ட இன்னொரு கருவியைப் பயன்படுத்தியவர்களிடம் இந்தச் சரிவு பெருமளவு காணப்படவில்லை. இரண்டு கருவிகளின் அடிப்படையும் ஒன்றுதான், உழைப்பு யாரிடம் விடப்பட்டது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

54 பேரைக் கொண்டு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடந்து, பிற ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு முன்பே 2025-இல் முன்வரைவாக வெளியான மூளை அலை ஆய்வு இதைவிட அதிகமாகப் பேசப்பட்டது. கருவியைக் கொண்டு கட்டுரை எழுதியவர்களில் பெரும்பாலோரால், எழுதி முடித்த கையோடு தம் கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியத்தைச் சரியாக எடுத்துச் சொல்ல முடியவில்லை. எண்ணிக்கை சிறிது என்பதால் "மூளை மழுங்குகிறது" என்ற தலைப்புகளுக்கு அது இடம் தராது.

கண் சோர்வு?

திரையைப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைவதால் கண் உலர்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை 20 நொடி பார்க்கலாம்.

திரையில்தான் படித்தாக வேண்டும் என்றால் என்ன செய்வது?

முதலில், படிக்கத் தொடங்கும் முன்பே எதற்காகப் படிக்கிறோம் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். தேதியையோ விலையையோ பார்க்க வந்தவர் மேய்ந்துவிட்டுப் போகலாம். வாதத்தைப் புரிந்துகொள்ள வந்தவர் மேயக் கூடாது. கட்டுரையை உலாவியின் படிப்பு முறைக்கு (reader mode) மாற்றி, விளம்பரங்களையும் பக்கப் பட்டைகளையும் நீக்கி, முழுத்திரையில் வையுங்கள். இயன்றால் உருட்டிக்கொண்டே போகாமல் பக்கம் பக்கமாகப் புரட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கருத்து பக்கத்தின் எந்த இடத்தில் இருந்தது என்ற நினைவு உருட்டும்போது கலைந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் பயனுள்ளது ஒன்றே. ஒரு பகுதி முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, படித்ததை நினைவிலிருந்து எழுதுங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து மீட்டெடுப்பதே நெடுநாள் நினைவுக்கு வழி என்று ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் காட்டினார்கள். அந்தச் சோதனையிலும் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கே தன்னம்பிக்கை மிகுதியாக இருந்தது. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்களே குறைவாக நினைவுகூர்ந்தார்கள். தேடுவதற்கும் இதே முறை பொருந்தும்: தட்டச்சு செய்யும் முன் உங்கள் ஊகத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு தேடி, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

ஒலிநூல் கேட்பது படிப்பதற்குச் சமமா?

46 ஆய்வுகளைத் தொகுத்த வர்ஜினியா கிளிண்டன்-லிஸெலின் மேலாய்வின்படி, மொத்தத்தில் ஏறத்தாழச் சமமே. ஆனால் படிப்பவர் தம் வேகத்தைத் தாமே கட்டுப்படுத்த முடிந்த இடங்களில் படிப்பு சற்று முந்தியது. எழுத்தில் வெளிப்படையாக இல்லாததை ஊகித்தறியும் கேள்விகளிலும் அப்படியே. கண் தானாகவே பின்னோக்கிப் போய்ப் பார்க்கும். காதுக்கு அந்த வசதி இல்லை. எனவே கதையையும் வாழ்க்கை வரலாற்றையும் கேட்கலாம். அடுக்கடுக்கான வாதத்தைக் கொண்ட நூலைக் கேட்பதானால், பின்னோக்கி நகர்த்தும் பொத்தானை அடிக்கடி அழுத்தத் தயங்க வேண்டாம்.